சும்மாத்தாள்

சும்மாத்தாளில் எடை ஏறியிருந்தது.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். தாளைத் தராசின் கண்ணாடிக் கூண்டிலிருந்து இடுக்கியால் எடுத்துச் சிமிழில் வைத்து மூடினாள். இடுக்கியைத் துடைத்தாள், கையுறையை மாற்றினாள், முகமூடியை மூக்கின்மேல் அழுத்திவிட்டுக்கொண்டாள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி தாளை வைத்து, கூண்டின் கதவை இழுத்துவிட்டு, வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தராசுக்கு ஆள் மூச்சு ஆகாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் ஒரு கூறு கூடினாலும் சொல்லிவிடும். பக்கத்தில் ஒருத்தி பெருமூச்சு விட்டால் அதையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும். எண்கள் ஓடின, தயங்கின, நின்றன. அதே எடைதான். போன வாரம் இருந்ததைவிட நானூற்றுப் பன்னிரண்டு மைக்ரோகிராம் அதிகம்.

நாலைந்து கண்ணிமை முடிகளின் எடை இருக்கும். இதற்காக வேறு யாரும் உட்கார்ந்து வியர்க்க மாட்டார்கள். அவளுக்கு வியர்த்தது.

வற்றிப்போன ஏரியின் கரையில் இருந்தது அந்த நிலையம். ஏரி என்பது பெயரளவில்தான். அதில் தண்ணீரைப் பார்த்த ஆள் யாரும் அங்கே வேலையில் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக வெடித்துக் கிடக்கும் தரை, காற்று கிளம்பினால் எழுந்து நடக்கும். எவ்வளவு எழுந்தது, எந்த உயரத்தில் போனது என்று அளப்பதுதான் நிலையத்தின் பிழைப்பு. ஏரிக்குள் மூன்று கம்பங்கள். கம்பத்துக்கு நாலு உயரத்தில் நாலு சட்டங்கள். சட்டத்துக்கு ஒரு தாள். சின்னப் பம்பு காற்றை உறிஞ்ச, புழுதி தாளில் தங்கும். வாரத்துக்குப் பன்னிரண்டு தாள்கள் எடை பார்க்கப்பட்டுப் போகும், மறு வாரம் வந்து மறுபடி எடை பார்க்கப்படும். அவற்றோடு பதின்மூன்றாவதாக ஒரு தாளும் போகும். அது கம்பம் ஏறாது. அதன் சிமிழை யாரும் திறக்க மாட்டார்கள். பையோடு ஜீப்பில் போய்ப் பையோடு திரும்பும். அதன் எடை மட்டும் மாறவே கூடாது. மாறினால் கையில் அழுக்கு, இல்லை பையில் ஓட்டை, இல்லை தராசில் கோளாறு. மற்ற பன்னிரண்டு தாள்களின் பேச்சும் எடுபடாமல் போய்விடும். தலைமை அலுவலகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. இங்கே எல்லோருக்கும் அது சும்மாத்தாள். ஒரு வேலையும் செய்யாமல் ஜீப்பில் ஊர்சுற்றிவிட்டு வருகிற துரை என்று ஓட்டுநர் அண்ணன் அதைக் கேலி செய்வார்.

அவள் தாளைச் சிமிழில் திருப்பி வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். தாளின் நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். முகமூடியைக் கொஞ்சம் விலக்கி முகர்ந்தாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வாசனை, அதற்கடியில் லேசாக வியர்வை. இருபது நாள் முன்புவரை அவள் தினமும் துவைத்துப்போட்ட சட்டைகளின் வாசனை அது.

விதிப்படி அந்த நிமிடமே மேலாளரைக் கூப்பிட வேண்டும். அவர் நகரத்திலிருந்து ஆள் அனுப்புவார். வருகிறவன் இரண்டு மாதத்துச் சும்மாத்தாள்களை வெளியே எடுத்து, பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பான். பார்த்துக்கொண்டே வந்து, இருபது நாள் முந்தைய ஒரு பக்கத்தில் நிற்பான். பென்சிலை எடுத்து, எடை மாற்றம் பூஜ்யம் என்று எழுதினாள். அது ஒன்றும் அவள் எழுதிய முதல் பொய் இல்லையே.

நிலையத்தில் எல்லோரும் அவளைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அவள் கணவர். அவர் கம்பம் ஏறுகிறவர். சட்டம் மாட்டுவது, பம்பு பழுது பார்ப்பது, கழற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கொடுக்கும்போது ஒரு சொல் தவறாமல் வரும்: "எழுதிக்க, தராசு." அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள், செல்லப் பெயர் சுண்டு. சுண்டுவுக்கு மூச்சிளைப்பு உண்டு. எடைக்குத் தக்கபடிதான் மருந்து என்பதால் வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காக முள் வைத்த ஓர் எடைமேடையை வாங்கிக் கூடத்தில் போட்டிருந்தார்கள். குழந்தை இறங்கியதும் அப்பா ஏறிக்கொள்வார். "எழுபத்தொண்ணு. எழுதிக்க, தராசு" என்பார். சுண்டு விழுந்து விழுந்து சிரிக்கும். எந்த வாரமும் எழுபத்தொன்றுதான். கம்பத்துக்காரனுக்கு எடை கூடினால் கம்பம் கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

அந்த நாளுக்கு முந்தைய இரவு முழுக்கச் சுண்டு இளைத்தது. விடியவிடிய குழந்தையை மடியில் சாய்த்து வைத்திருந்தவள், காலையில் தூக்கக் கலக்கத்தோடு தாள்களைச் சட்டங்களில் பூட்டினாள். மூன்றாம் கம்பத்தின் உச்சிக்குப் போக வேண்டிய தாளைச் சிமிழிலேயே விட்டுவிட்டுச் சும்மாத்தாளைச் சட்டத்தில் பூட்டிவிட்டாள். அவர் அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பிறகுதான், எண்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது கண்ணில் பட்டது. இதில் குடி ஒன்றும் முழுகிவிடாது. இரண்டுமே எடை பார்த்த தாள்கள்தான்; இடம் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. ஆனால் அந்த வருடத்தில் அவள் அப்படி ஏற்கெனவே இரண்டு வரிகள் எழுதியிருந்தாள். மூன்றாவது எழுதினால் தராசுக்கு வேறு கையும் குடியிருப்புக்கு வேறு குடும்பமும் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதையெல்லாம் செய்கிறவர்.

மூன்று மணிக்குக் காற்று என்று எச்சரிக்கை வந்திருந்தது. தாளை மாற்றி மாட்டிவிட்டு வரும்படி அவள் வாசல்படியில் நின்று கெஞ்சினாள்.

"ஒரு வரி எழுதினா முடிஞ்சுபோற விஷயம்" என்றார் அவர். "எழுதிட்டுப் போயேன், தராசு."

"இந்த ஒரு தடவை மட்டும் போயிட்டு வந்துடுங்க. மூணு மணிக்கு முன்னாடி வந்துடலாம்."

அவர் வானத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார். காற்று இரண்டு மணிக்கே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பைக் கிடைத்தது. மூன்றாம் கம்பத்தின் அடியில், ஸ்டாண்டு போட்டுப் பூட்டி ஒழுங்காக நின்றது. உச்சியில் சரியான தாள் சரியாக மாட்டப்பட்டிருந்தது. பைக் பையில் இருந்த சிமிழில் சும்மாத்தாள், மூடி இறுக்கமாக. வேலையெல்லாம் முடிந்திருந்தது, அவர்தான் இல்லை. பதினோரு நாள் தேடினார்கள். அந்த நேரத்தில் எதற்கு அங்கே போனார் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பதிவேட்டைக் காட்டினாள். 'வழக்கமான பார்வை' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு ஏறியதற்கு அடுத்த வாரம் சும்மாத்தாளில் மூவாயிரம் ஏறியது. அதற்கடுத்த வாரம் அளப்பதற்கே அவசியமில்லை. சிமிழைக் குலுக்கினால் உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. ஏரிக்கு இப்போது ஓட்டுநர் அண்ணன் தனியாகத்தான் போய்வந்தார். சிமிழை வழியில் திறந்தாரா என்று அவரைக் கேட்டாள்.

"நான் ஏன்மா திறக்கப் போறேன்? போட்ட டேப்புகூட அப்படியே இருக்கு பாரு" என்றவர், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. அந்தப் பை ஏன் இப்படிக் கனக்குது?"

பையில் ஒன்றுமில்லை என்றாள். அவர் ஜிப்பைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். உண்மையிலேயே ஒன்றுமில்லை. பிறகும் அவர் அதைத் தோளில் மாட்டிக்கொள்ளாமல் ஜீப்பின் பின்பக்கம் போட்டார். அவளும் பூஜ்யம் என்று எழுதினாள். பூஜ்யம் எழுதி எழுதி அந்தப் பக்கத்தில் பென்சில் பள்ளமே விழுந்திருந்தது.

வீட்டில் எப்போது தொடங்கியது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நிலையத்தின் பின்சுவரை ஒட்டியே குடியிருப்பு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு கை வெள்ளைப் புழுதி வழிப்பது அவளுக்குப் பல் துலக்குவது மாதிரி. ஒருநாள் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனவள், வழிப்பதற்கு எதுவும் இல்லாமல் நின்றாள். மேஜை, அலமாரியின் தலை, மின்விசிறியின் இறக்கை, எங்கே விரலை வைத்தாலும் விரல் சுத்தமாகவே வந்தது. ஐயோ, இப்படியும் ஒரு நல்ல காலமா என்று கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள். மாலையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். சர்க்கரையின்மேல் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் புழுதி, கத்தியால் தடவிவிட்டது மாதிரி சமமாக.

அப்புறம் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். பிரிக்காத சோப்பின் உறைக்குள் இருந்தது. பூட்டிய தகரப்பெட்டிக்குள், அவர் சட்டைகளின் மடிப்புகளில் இருந்தது. பீரோவில் மூடிவைத்த கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்கு உள்ளே, முட்களைப் புதைத்துக்கொண்டு இருந்தது. திறந்து கிடந்த எதிலும் இல்லை. மூடியதில் மட்டும் சேர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் போனது ஒரு மூடிய சிமிழுக்காக. திரும்பிவருவதற்கும் மூடியவற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் மூடி என்பதே இல்லாமல் போயிற்று. டப்பாக்கள், பாத்திரங்கள், பீரோக் கதவுகள், இழுப்பறைகள், எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கட்டின மனுஷன் இப்படியாவது வருகிறாரே என்று அழவும் செய்தாள். வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் செய்தாள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள்.

இதற்கிடையில் சுண்டுவுக்கு இளைப்பு நின்றிருந்தது. ஐந்து வாரமாக ஒரு இருமல் இல்லை, ஒரு விசில் சத்தம் இல்லை. மார்பில் காதை வைத்தால் அமைதியாக இருந்தது. எடையும் ஏறியது. பதினேழில் இருந்த குழந்தை பத்தொன்பது, அப்புறம் இருபத்திரண்டு. போனில் கேட்ட டாக்டர் சந்தோஷப்பட்டார். குழந்தைக்குச் சதை பிடிக்கிறது என்று அவளும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளாத குறைதான். ஆனால் குளிப்பாட்டும்போது பார்த்தால் அதே குச்சிக் கை, எண்ணிவிடலாம் போன்ற அதே விலா எலும்பு. நடந்தால் மட்டும் தரை அதிர்ந்தது. சமையலறையில் நிற்கும்போது பின்னால் யாரோ பெரிய ஆள் நடந்துவருகிற சத்தம் கேட்கும். திரும்பினால் சுண்டு, வெறுங்காலோடு, வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கும். சாப்பிடும்போது மட்டும் வாய் திறந்தது, அதுவும் சட்டென்று மூடிக்கொண்டது. பேச்சு குறைந்துவிட்டது. தலைவரை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியது.

ஒருமுறை போர்வையை விலக்கிவிட்டு, மூச்சு முட்டவில்லையா என்று கேட்டாள்.

"மூடினாத்தாம்மா அப்பா வருவாரு" என்றது சுண்டு.

அவள் போர்வையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். அன்று குழந்தையைத் தூக்கிப் படுக்கையில் கிடத்த முயன்றபோது அவளால் தூக்க முடியவில்லை.

ஏழாவது வாரம். ஓட்டுநர் அண்ணன் காலையிலேயே தாள்களை எடுத்துக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார். தங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும், ஏன் என்று கேட்டால் எதைச் சொல்வது என்று தாள்களை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். ஜீப் போய்விட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேலாளர் போன் செய்தார். இந்த வருடத்தின் பெரிய காற்று வருகிறது, இரண்டு மணிக்குமேல் தாங்காது, எல்லாவற்றையும் மூடிவிட்டு உள்ளேயே இருங்கள் என்றார். மூடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள்.

"என்னம்மா பேசறீங்க? இளைப்புக்காரக் குழந்தையை வச்சுக்கிட்டு."

அவர் சொன்னது நியாயம்தான். மூன்று வருடம் முன்பு ஒரு சின்னக் காற்றில் ஒரு ஜன்னல் திறந்துகிடந்ததற்கே சுண்டு நீலம் பாரித்து, ஒரு வாரம் ஆக்சிஜனில் கிடந்தது. திறந்து வைத்தால் ஏரி உள்ளே வந்து குழந்தையைக் கொல்லும். மூடினால்... அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. ஒன்றரை மணிக்கு ஏரியின் அந்தப் பக்கம் தரைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. சத்தமில்லாமல் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் பழுப்பாகி, முற்றத்தில் நிழல்கள் ஓரம் கலைந்து, பறவை ஒன்று வீட்டுச் சுவரில் மோதி விழுந்தது. முதல் வீச்சில் சமையலறை ஜன்னல் படாரென்று அடித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த சுண்டு அவளையே பார்த்தது.

அவள் மூடினாள். வேறென்ன செய்வாள், பெற்றவள். ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் அகலமான டேப் ஒட்டினாள், ஈரத்துண்டுகளைக் கதவடியில் செருகினாள், சமையலறைப் புகைபோக்கியில் துணியை அடைத்தாள். கடைசிக் கீற்று வெளிச்சத்தின்மேல் டேப்பை இழுத்து ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தபோது, இதே மாதிரிதான் வாராவாரம் சிமிழின் விளிம்பில் டேப்பைத் தேய்க்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. விரல் அங்கேயே நின்றது.

வெளியே காற்று சுவரை உரசிக்கொண்டு போயிற்று; லட்சம் பேர் வெறுங்காலோடு ஓடுகிற சத்தம். உள்ளே பழுப்பு இருட்டு. மின்சாரம் போய்விட்டிருந்தது. சுண்ணாம்பு வாசனை, வியர்வை வாசனை.

எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கேட்டது அந்த ஒன்றுதானே. பதிவேடு வீட்டில்தான் இருந்தது. பொய் எழுத ஆரம்பித்ததிலிருந்து அதை அவள் நிலையத்தில் விட்டுவைப்பதில்லை. மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். 'வழக்கமான பார்வை' என்பதை அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: 'தாள் இடம் மாறியது என் தவறு. அதை மறைக்க நான்தான் அவரை அனுப்பினேன். காற்று வரும் என்று எனக்குத் தெரியும்.' எழுதி முடித்ததும் நெஞ்சில் ஏழு வாரமாக இருந்த கல் ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. "எழுதிட்டேங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். "எழுதிட்டேன். குழந்தையை விட்டுடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழக்கதோஷம், பதிவேட்டை மூடிவைத்தாள்.

மூடிய கையை எடுப்பதற்குள் அட்டை மெதுவாக உயர்ந்தது. ஓரங்களில் வெள்ளையாகக் கசிந்தது. பதறிப்போய்த் திறந்தாள். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே புழுதி, விரல் கனத்துக்கு, சமமாக. ஊதினாள். துடைத்தாள். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துத் தள்ளினாள். கீழே தாள் வெறுமையாக இருந்தது. அவள் எழுதிய வரி ஒரு எழுத்துகூட இல்லை. பென்சில் அடித்த கோடும் இல்லை. 'வழக்கமான பார்வை' மட்டும் இருந்தது.

கூடத்தில் ஒரு சத்தம்.

டக்.

அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். எடைமேடையில் ஒரு கால் ஏறுகிற சத்தம்.

டக். இன்னொரு கால்.

"சுண்டு?"

மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுவர் கையில் சொரசொரத்தது. கூடத்து வாசலில் நின்றாள்.

சுண்டு எடைமேடையின்மேல் நின்றிருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில். நேராக. ஒவ்வொரு வாரமும் நிற்கிற மாதிரியே. பூப்போட்ட கவுன். குச்சிக் கால்கள். வாய் இறுக்க மூடியிருந்தது.

மேடைக்கடியில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டிருந்தது.

அவள் குனிந்தாள். வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள். முள் நகர்ந்துகொண்டிருந்தது. முப்பது. முப்பத்தெட்டு. மெதுவாக. ஐம்பது. வெளியே காற்று ஓய்ந்தது மாதிரி இருந்தது, இல்லை அவள் காது ஓய்ந்துவிட்டது. அறுபத்திரண்டு. இறங்குடா கண்ணு என்று சொல்ல நினைத்தாள். அறுபத்தொன்பது. குழந்தையைப் பிடித்து இழுத்தாள். சுவரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

எழுபத்தொன்று.

நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வருடக்கணக்கான பழக்கம்; முள் அடங்கும்வரை மூச்சு விடக்கூடாது. உயிருள்ள ஆள் மேடையில் நின்றால் முள் முழுக்க அடங்காது. மூச்சுக்கு மூச்சு ஒரு மயிரிழை ஆடிக்கொண்டே இருக்கும். அவள் காத்திருந்தாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள்.

முள் ஆடவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். சுண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. ஏழு வாரத்துக்கு அப்புறம் முதன்முறையாக வாயைத் திறந்து சிரித்தது. உள்ளே நாக்கு இல்லை. பல் வரிசைவரை வெள்ளையாக நிரம்பி, சமமாக, ஏரித் தரை வெடித்துக் கிடக்கிற மாதிரியே வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. அது குழந்தையின் குரல் இல்லை.

"எழுதிக்க, தராசு."

அவள் கை பென்சிலைத் தேடியது.